ரயில்வே வாரம்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் வந்தால் நாங்கள் சில ரயில் பைத்தியங்கள் சேர்ந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்னக் கண்காட்சி வைப்போம். பழைய அட்டை டிக்கெட்டுகள், மடிப்பு கிழிந்த கால அட்டவணைகள், கொஞ்சம் புகைப்படங்கள், அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து படித்து வந்தால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

ஏப்ரல் 16-ல அப்படி என்ன விசேஷம்?

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. தூரம் 34 கிலோமீட்டர். 14 பெட்டிகள், சுமார் 400 விருந்தினர்கள், 21 பீரங்கிக் குண்டு மரியாதை. இழுத்துப்போன மூன்று எஞ்சின்களின் பெயர்கள் சாகிப், சிந்து, சுல்தான். அந்த நாளை வைத்துத்தான் ஏப்ரல் 10 முதல் 16 வரை ரயில்வே வாரம் கொண்டாடுகிறார்கள்.

1953-ல் நூற்றாண்டுக்கு இரண்டணா தபால்தலை வெளியிட்டார்கள். 2002-ல் 150-வது ஆண்டு விழா தொடங்கியபோது, கையில் விளக்கோடு நிற்கும் போலு என்கிற யானைக்குட்டியைச் சின்னமாக வைத்தார்கள். எங்கள் மேசையில் பிள்ளைகள் முதலில் கை வைப்பது அந்த யானைப் படத்தில்தான்.

முதல் ரயில் மெட்ராஸ்லதான் ஓடுச்சுன்னு சொல்றாங்களே, எது உண்மை?

இரண்டுமே உண்மை, சேர்க்க வேண்டிய ஒரு சொல் விட்டுப்போகிறது. 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடுவதற்கான கல் ஏற்றிப் போக ஒரு தண்டவாளம் இருந்தது. ஆர்தர் காட்டன் போட்டது. அது சரக்குப் பாதை, ஆட்கள் டிக்கெட் வாங்கி ஏறியது கிடையாது. பயணிகள் ரயில் என்று பார்த்தால் 1853 பம்பாய்தான்.

தென்னிந்தியாவுக்கு 1856. ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ராயபுரம் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் நிலையக் கட்டடங்களில் அதுதான் பழையது. பம்பாயின் முதல் நிலையம் அப்படி மிஞ்சவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம்.

சரி, நம்ம ஊருக்கு எப்ப வந்துச்சு?

1870-களில். ஆனால் கதை நாகப்பட்டினத்தில் தொடங்குகிறது. 1861-62-ல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வரை பாதை போட்டது. அந்தக் கம்பெனியும் கர்னாடிக் ரயில்வே கம்பெனியும் 1874-ல் ஒன்றாகித் தென்னிந்திய ரயில்வே ஆயின. அப்புறம்தான் சென்னையிலிருந்து விழுப்புரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மாயவரம் என்று தெற்கே இறங்கும் மெயின் லைன் முழுமை பெற்றது.

மீட்டர் கேஜ் பாதை அது. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர். டல்ஹௌசி காலத்தில் தீர்மானித்த அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அது செலவு அதிகம் என்று 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ மீட்டர் கேஜைக் கொண்டுவந்தார். அகலப்பாதையாகப் பிறந்த நாகை-திருச்சிப் பாதையைக்கூட அப்போது பிடுங்கிக் குறுக்கினார்கள். நூறு வருஷம் கழித்துத் திரும்பவும் அகலமாக்கினார்கள்.

கடலூருக்கு டிக்கெட் எடுத்தா எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்? ஏன் ரெண்டு ஸ்டேஷன்?

ஊரே இரண்டு என்பதால். கெடிலம் ஆற்றுக்கு வடக்கே கலெக்டர் ஆபீஸ் இருக்கும் மஞ்சக்குப்பம், தெற்கே திருப்பாதிரிப்புலியூர். இன்னும் தெற்கே போனால் முதுநகர், பழைய துறைமுகம். பஸ் ஸ்டாண்டுக்கோ பாடலீஸ்வரர் கோயிலுக்கோ மஞ்சக்குப்பத்துக்கோ போகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் இறங்க வேண்டும். முதுநகர் போகிறவர்களுக்குக் கடலூர் துறைமுகம் சந்திப்பு.

வெளியூர்க்காரர்கள் 'கடலூர்' என்று தேடிவிட்டுத் துறைமுகம் சந்திப்புக்கு டிக்கெட் போட்டு, அங்கே இறங்கி ஆட்டோக்காரரோடு பேரம் பேசுவது வாடிக்கை. சந்திப்பு என்று பெயர் வரக் காரணம், அங்கிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலத்துக்கு ஒரு பாதை பிரிகிறது. அது சேலம் வரை நீளும். துறைமுகத்தில் சரக்கு மும்முரமாக இருந்த காலத்தில் அந்தச் சந்திப்புக்குத்தான் மதிப்பு. இப்போது பயணிகள் கூட்டம் திருப்பாதிரிப்புலியூரில்.

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் ஊராச்சே, அங்க ரயில் போட்டது அவனா?

பாதிக்குப் பாதி. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 38 கிலோமீட்டர். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாக 1879-ல் வண்டி ஓடத் தொடங்கியது. பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த பகுதி தென்னிந்திய ரயில்வேயுடையது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த பகுதிக்குப் பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி என்று தனியாக ஒரு கம்பெனி. ஆனால் அந்தப் பகுதியிலும் எஞ்சின், பெட்டி, ஆள் எல்லாம் தென்னிந்திய ரயில்வேதான். அதாவது பாதை ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது. காரைக்காலுக்கும் இப்படித்தான், பேரளத்திலிருந்து 1898-ல் ஒரு கிளைப்பாதை வந்தது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த ரயில் எதற்கு என்றால், மல்லாட்டைக்காக, அதாவது வேர்க்கடலைக்காக. தென்னார்க்காட்டுச் சிவப்பு மண்ணில் விளைந்த மல்லாட்டை மூட்டை மூட்டையாகப் புதுச்சேரி துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பல் ஏறியது. அதற்கு முன்னால் மாட்டுவண்டி. பண்ருட்டி, திண்டிவனம் பக்கம் மல்லாட்டை இவ்வளவு பரவியதில் இந்த 38 கிலோமீட்டருக்குப் பங்கு உண்டு. புதுச்சேரி ரயில் என்றால் எல்லாரும் பிரெஞ்சு வீதிகளையும் மஞ்சள் சுவரையும் நினைக்கிறார்கள். நான் நினைப்பது சாக்குப்பையை.

அப்போ நடுவுல எல்லையில இறங்கி பாஸ்போர்ட் காட்டணுமா?

அன்றாடம் போகிறவர்களுக்குத் தலைவலி பாஸ்போர்ட் அல்ல, சுங்கம்தான். பிரெஞ்சு இந்தியா ஒரே துண்டாக இருக்கவில்லை. நடுவில் பிரிட்டிஷ் கிராமங்கள், அதற்கு நடுவில் பிரெஞ்சு கிராமங்கள். வரி வித்தியாசம் இருந்ததால் கடத்தலும் இருந்தது, சோதனையும் இருந்தது. 1941-ல் இரு தரப்பும் ஒரே சுங்க ஏற்பாட்டுக்குள் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் அது முறிந்தது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபோதுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16.

அந்த எல்லையின் அருமை தெரிந்தவர் பாரதியார். 1908-ல் புதுச்சேரிக்குப் போனவரை பிரிட்டிஷ் போலீஸ் பத்து வருஷம் தொட முடியவில்லை, சுற்றி நின்று வேவுதான் பார்க்க முடிந்தது. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார். உடனே கைது. கொண்டுபோய் அடைத்தது நம் கடலூர் சிறையில், மூன்று வாரத்துக்கு மேல்.

கடலூர்லேருந்து பாண்டி 22 கிலோமீட்டர். பஸ்ல முக்கால் மணி. ஏன் நேரா ரயில் இல்ல?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, கொஞ்சம் கோபத்தோடும் கேட்கப்படும். மேலே சொன்னதை வைத்தே பதில் சொல்லலாம். மெயின் லைன் போட்டபோது புதுச்சேரி வேறொரு நாட்டுக்காரன் கையில் இருந்தது. சென்னையிலிருந்து தெற்கே போகிற தன்னுடைய முக்கியப் பாதையைப் பிரிட்டிஷ் ஆட்சி அந்த எல்லைக்குள் நுழைக்குமா? கடற்கரையை விட்டு உள்நாடு வழியாக விழுப்புரம் போய், மறுபடி கிழக்கே திரும்பிக் கடலூரில் கடலைத் தொட்டார்கள். புதுச்சேரிக்கு ஒரு கிளை மட்டும். அந்தக் கிளை அங்கேயே முடிகிறது.

அதனால் இன்றும் ரயிலில் போவதென்றால் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் 38, அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூருக்குச் சுமார் 45 என்று முக்கோணத்தின் இரண்டு பக்கத்தைச் சுற்ற வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடற்கரைப் பாதை என்ற திட்டம் பல பட்ஜெட்டுகளாகப் பேப்பரில் ஓடிக்கொண்டிருக்கிறது. வரும்போது வரட்டும். அதுவரை பஸ்தான்.

போட் மெயில் நம்ம ஊர் வழியா போச்சாமே, நிஜமா?

நிஜம். சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் முதலில் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சின்னக் கப்பல், அந்தப் பக்கம் மறுபடி ரயில். ஒரே டிக்கெட்டில் எழும்பூர் டு கொழும்பு. அப்போது விழுப்புரத்திலிருந்து தெற்கே போக மெயின் லைனை விட்டால் வேறு வழியே கிடையாது, ஆகவே கடலூர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன்-தனுஷ்கோடி பாசஞ்சர் வண்டியும் பயணிகளோடு கடலில் போயிற்று. அதோடு கப்பல் ரயில் கதை முடிந்தது. பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது.

அவ்வளவு பெரிய லைன்ல இருந்தும் இப்ப நல்ல எக்ஸ்பிரஸ் எல்லாம் விருத்தாசலம் வழியா பறக்குது. நமக்கு மட்டும் ஏன் இப்படி?

'மெயின் லைன்' என்ற பெயர் மிச்சம், மெயின் வேலை போய்விட்டது. காரணம் கார்டு லைன். 1920-களின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கே ஒரு பாதை போட்டார்கள். அதன் வழியே சென்னை-திருச்சி 337 கிலோமீட்டர். கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று சுற்றினால் 400-ஐத் தாண்டும். அவசரமாக மதுரை, திருநெல்வேலி போகிறவன் எதில் போவான்?

அதற்கு மேல் ஒரு அடி 2006 கடைசியில் விழுந்தது. கார்டு லைன் ஏற்கெனவே அகலப்பாதையாகிவிட்டது. மெயின் லைனில் விழுப்புரம்-மயிலாடுதுறை 122 கிலோமீட்டரை மாற்றுவதற்காக மூடினார்கள். திறந்தது 2010-ல். மூன்று வருஷத்துக்கு மேல் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் சத்தமே கிடையாது. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறைப் பயணிகள் பஸ்ஸுக்கும் காருக்கும் பழகிவிட்டார்கள். இன்று சோழன், உழவன் போன்ற வண்டிகள் இந்தப் பாதையில் ஓடுகின்றன. ஆனாலும் ரயில் பிடிக்க விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுகிற கடலூர்க்காரர்கள் இன்னும் நிறைய.

மாத்துறதுக்கு ஏன் அவ்வளவு வருஷம்? தண்டவாளத்தை கொஞ்சம் தள்ளி வெச்சா ஆச்சுல்ல?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அகலப்பாதை எஞ்சினும் பெட்டியும் எடை அதிகம். ஒவ்வொரு பாலத்தையும் அந்தப் பாரத்துக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். நம் பாதையோ வெள்ளாறு, கொள்ளிடம், நடுவில் எண்ணற்ற வாய்க்கால்கள் என்று டெல்டாவுக்குள் இறங்கும் பாதை. கரையை அகலப்படுத்தி, ஜல்லி புதிதாய்க் கொட்டி, கட்டைக்குப் பதில் கான்கிரீட் சிலிப்பர் போட்டு, பிளாட்பாரத்தை உயர்த்தி, சிக்னலை மாற்றி என்று ஏறக்குறைய புதுப் பாதை போடுகிற வேலைதான். நாடு முழுக்க ஒரே அகலம் என்ற திட்டம் 1992-ல் ஆரம்பித்தது. நம் முறை வர அவ்வளவு காலம் ஆயிற்று.

விழுப்புரத்துல ஏன் ரயில் அவ்வளவு நேரம் நிக்கும்னு எங்கப்பா சொல்லுவார்?

எஞ்சின் மாற்ற. சென்னைக் கடற்கரை-தாம்பரம் மீட்டர் கேஜில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. 1960-களில் அதை விழுப்புரம் வரை நீட்டினார்கள். இந்தியாவில் மின்சார எஞ்சின் இழுத்த மீட்டர் கேஜ் பாதை இது ஒன்றுதான், யாம் என்று பெயர் வைத்த எஞ்சின்கள். விழுப்புரத்தில் கம்பி முடிந்துவிடும். மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கரி எஞ்சினை, பிற்காலத்தில் டீசல் எஞ்சினை மாட்டினால்தான் கடலூர்ப் பக்கம் கிளம்ப முடியும். உங்கள் அப்பா அந்த நேரத்தில் இறங்கி டீ குடித்திருப்பார்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஓடுற ரயில்ல ஒரு வளையத்தை நீட்டுவாரே, அது எதுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் என்று தைரியமாகச் சொல்லலாம். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு வந்தால் தொலைந்தது. அதற்குக் கண்டுபிடித்த ஏற்பாடு பந்து டோக்கன், இங்கிலீஷில் 'பால் டோக்கன்'. நெல்லிக்குப்பத்திலும் பக்கத்து ஸ்டேஷனிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி இருக்கும், இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு பக்கத்து மாஸ்டர் மணியடித்துக் கேட்டு, அந்தப் பக்கத்தவர் சம்மதித்தால்தான் பெட்டியிலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்தப் பந்து இரண்டில் ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும் வரை இன்னொன்று வராது.

அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. நிற்காத வண்டி என்றால் ஓட்டத்திலேயே பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதியதைத் தோளில் வாங்க வேண்டும். இரவில், மழையில், பக்கத்தில் ஒரு தீப்பந்தமோ லாந்தரோ வெளிச்சத்தில். ரயில்வே வரலாறு என்றால் எஞ்சின் பேர்களை அடுக்குகிறோம். எனக்கென்னவோ அந்த வளையம் வாங்கிய தோள்தான் வரலாறு.

ரயில்வேக்குன்னு தனி நேரம் இருந்துச்சாமே?

இருந்தது, அதுவும் மெட்ராஸ் நேரம். ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து மணி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், நாட்டின் ரயில்கள் நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தை வைத்துக் கணித்த நேரத்தில் ஓடின. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906 முதல் இப்போதுள்ள ஐந்தரை மணி வந்தது. நம் வண்டிகள் நேரத்துக்கு வராததற்கு அந்த ஒன்பது நிமிடம் காரணமில்லை.

வெள்ளைக்காரன் கொள்ளையடிக்க போட்ட ரயிலை நாம ஏங்க கொண்டாடணும்?

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆரம்பக் கம்பெனிகளின் பங்குதாரர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீத வட்டி உறுதி என்று அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அந்தப் பணம் நம் ஊர் வரியிலிருந்து போனது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தில் தாது வருஷப் பஞ்சம். ரயில் பஞ்சப் பகுதிக்குத் தானியம் கொண்டுவந்தது. விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்கு அதே ரயில் தானியத்தை இழுத்தும் போனது. மல்லாட்டை மார்செய்க்குப் போன கதையை முன்பே சொன்னேன். இதையெல்லாம் மறைத்துவிட்டு மாலை போட்டால் அது கொண்டாட்டமில்லை, விளம்பரம்.

ஆனால் கரை கட்டியது, மண் சுமந்தது, கொளுத்தும் வெயிலில் ஜல்லி தட்டியது யார்? நம் ஆட்கள். எழும்பூர் நிலையத்தை 1908-ல் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் சாமிநாதப் பிள்ளை. 1928-ல் நாகப்பட்டினம் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்களைக் குறைக்கப் பார்த்தபோது தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. அதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1944-ல் கம்பெனி நிர்வாகம் முடிந்து ரயில் அரசின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே பிறந்தது, நாட்டின் முதல் மண்டலம். அந்தத் தேதியும் ரயில்வே வாரத்துக்குள்ளேயே விழுவதால், பம்பாய்க் கதை பிடிக்காதவர்கள் அன்றைக்குக் கொண்டாடிக்கொள்ளலாம் என்று சொல்லுவேன்.

கொண்டாட்டத்துல விபத்தை எல்லாம் பேசணுமா? பிள்ளைங்க பயப்படாதா?

பேசியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. 1956 நவம்பர் 23 விடியற்காலை, மேலே சொன்ன கார்டு லைனில், அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரித்துப்போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் விலகியதைப் பாராட்டிப் பேசுகிறோம். மழைக்காலத்தில் பாலங்களை இரவிலும் போய்ப் பார்க்கும் ஆட்களை யாரும் பேசுவதில்லை.

2025 ஜூலை 8-ல் நம் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். பிள்ளைகளுக்கு அதைப் பற்றி ஏற்கெனவே தெரியும், நாம் பேசாமல் இருப்பதால் மறக்கப் போவதில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்டர்லாக்கிங் என்றால் என்ன என்பது. கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் பச்சையாகும்படி இரண்டையும் இணைப்பது அது. அந்த இணைப்பு இல்லாத கேட்டில் எல்லாமே மனிதர் கவனத்தை நம்பி நடக்கிறது. பந்து டோக்கனை விளக்கியபோது சொன்ன அதே யோசனைதான்: மனிதர் தவறினாலும் இரும்பு தவற விடக் கூடாது.

தாத்தா வீட்டு பரண்ல ரயில்வே லாந்தர் கிடைச்சுது. வெச்சுக்கலாமா, விக்கலாமா?

முதலில் அதில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். ரயில்வே பொருளை உரிமையில்லாமல் வைத்திருப்பது 1966-ம் வருஷச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் வாங்கியது என்றால் அந்த ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். ரசீது இல்லாத பொருளை ஆன்லைனில் விலை போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள், அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று விசாரியுங்கள். அட்டை டிக்கெட், கால அட்டவணை, சம்பளச் சீட்டு, வழியனுப்பு விழாப் புகைப்படம் இதற்கெல்லாம் இந்தக் கவலை இல்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு லாந்தரைவிட அந்தச் சம்பளச் சீட்டுதான் வேண்டும்.

தண்டவாளத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா, ரயில்வே வாரம்தானே?

கூடாது. 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும், மின்சார எஞ்சின் பழைய கரி எஞ்சின் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வராது. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள்.

பிள்ளைங்கள எங்க கூட்டிட்டு போய் காட்டலாம்? டெல்லி வரைக்கும் போக முடியாது.

டெல்லியில் 1977 முதல் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகம் பெரிதுதான். ஆனால் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்திலும் திருச்சியிலும் அருங்காட்சியகங்கள் உண்டு. பெரம்பூரில் 1955-லிருந்து பெட்டி செய்கிறார்கள், வந்தே பாரத் அங்கே பிறந்ததுதான். 1855-ல் செய்த எக்ஸ்பிரஸ் என்ற கரி எஞ்சினை மறுபடி ஓட வைத்ததும் பெரம்பூர் பட்டறைக்காரர்கள்.

கையில் காசு குறைவு என்றால் என் யோசனை இது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் ஒரு காலை போய் வாருங்கள். வில்லியனூரைத் தாண்டியதும் எந்த இடத்தில் பிரெஞ்சு நாடு முடிந்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள், நேரம் போவதே தெரியாது.

எங்க தாத்தா கேங்மேனா இருந்தவரு. பெரிசா ஒண்ணும் பேசத் தெரியாது. அவரைக் கூட்டிட்டு வரலாமா?

கட்டாயம். மேடை, மைக் எதுவும் கிடையாது, நாற்காலி போட்டு உட்காரவைப்போம். 'உங்கள் அனுபவம் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் வாய் வராது. எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில் உங்கள் கேங், எத்தனை பேர், வெயில் காலத்தில் தண்டவாளம் வளைந்தால் முதலில் என்ன செய்வீர்கள், சாப்பாட்டை யார் கொண்டுவருவார், பாம்பு எந்த இடத்தில் அதிகம் என்று கேளுங்கள். அவரே பேசுவார். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். காலை பத்து மணிக்குள் கூட்டி வந்தால் நல்லது, மத்தியானத்துக்கு மேல் வெயில் தாங்காது.